அடியில் ஈரம்

பெரியவள் ஜாடியை மெதுவாகச் சாய்த்து அதன் அடியில் கன்னத்தை வைத்தாள். சில்லென்றது. ஒருவேளை காலை நேரத்துக் குளிராக இருக்குமோ என்று கன்னத்தைக் கையால் ஒருமுறை தேய்த்துக்கொண்டு மறுபடி வைத்தாள். அப்போதும் சில்லென்றுதான் இருந்தது. காய்ந்த மண் கன்னத்தில் பட்டால் ஒன்றும் தெரியாது, சுவரில் சாய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே ஈரம் இருந்தால் மட்டும்தான் இப்படிச் சில்லிடும். பதினோரு வருஷமாக மண் பிசைகிறவளின் கன்னம் பொய் சொல்லாது. வாய் சொல்லும். இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறது. இன்றைய தொல்லையே அதுதான்.

"ஈரமா இருக்கு," என்றாள்.

கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற சின்னவள் சிரித்தாள். அவள் பெரியவளின் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. ஜாடி அவளுடையது. "மாடியிலேர்ந்து எறங்கி வரும்போதே நெனச்சேங்க்கா. கன்னத்துல வைப்பாங்க, அப்புறம் ஈரம்னுவாங்கன்னு."

காருக்காகக் கட்டிய கொட்டகை அது. கார் நின்று பல வருஷமாகிறது. இப்போது ஒரு பக்கம் பலகை மேசை, ஒரு பக்கம் பச்சை மண் பாத்திரங்கள் காய்வதற்கான சட்டம் சட்டமான அலமாரி, நடுவில் பெரியவள் சீட்டுப் போட்டு வாங்கிய மின்சூளை. இடுப்பு உயரம், மேலே மூடி, பக்கவாட்டில் மூன்று நிலைத் திருகு. அதை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சக்கரம் கிடையாது. மண்ணைத் திரியாக உருட்டி, வட்டம் வட்டமாக அடுக்கி, கையாலேயே கட்டுகிற வேலை. மேலே குடியிருந்த சின்னவள் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் பொழுது போகாமல் இறங்கி வந்து, "எனக்கும் ஒரு உருண்ட குடுங்களேன்" என்று கேட்டாள். பெரியவள் கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த தப்புகளை வரிசைப்படுத்தினால் அது முதல் மூன்றுக்குள் வரும்.

சின்னவள் அந்த உருண்டையில் கட்டைவிரலை அமுக்கி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி ஒரு கிண்ணம் செய்தாள். வாய் கோணல். ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிவு. விரல் பட்ட குழிகளைக்கூட நிரவவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை கைவினைக் கண்காட்சி நடத்துகிற கடைக்காரம்மா சரக்கு எடுக்க வந்தபோது அதைக் கையில் எடுத்தாள், எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. போகும்போதுதான் பெரியவளின் ஞாபகம் வந்து, "உங்களோடது எப்பவும் ரொம்ப சுத்தமா இருக்கும்" என்றாள். சுத்தம்! ஆஸ்பத்திரித் தரையைச் சொல்ல வேண்டிய வார்த்தை. பெரியவள் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தாள். வயிறு எரிந்தது. அப்படி எரிந்ததைப் பின்னால் ஒருநாளும் அவள் தனக்குத்தானே மறைத்துக்கொண்டதில்லை.

அடுத்த கண்காட்சிக்குச் சின்னவள் ஒரு தட்டு செய்திருந்தாள். நன்றாகக் காய்ந்த தட்டு. பெரியவள் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "ஈரம், சூளையில வெடிக்கும், அடுத்த தடவ பாக்கலாம்" என்றாள். சின்னவள் நம்பினாள். அதற்கடுத்த தடவை ஒரு குடுவை. அதற்கும் ஈரம். இந்த முறை சின்னவள் குடுவையை மாடிக்கு எடுத்துப்போய்ச் சமையலறைத் தராசில் வைத்தாள். மூன்று நாள், தினமும் காலையில். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஈரம் இருந்தால் உலர உலர எடை குறைந்தாக வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கப் பதினோரு வருஷ அனுபவம் வேண்டியதில்லை. அதற்காக அவள் சண்டை போடவில்லை; மூன்று நாள் எடையையும் எழுதிய சீட்டைக் கொட்டகை மேசை மேல் பெரியவள் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போனாள். தன் சாமான்களைக் கொட்டகை அலமாரியில் வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் தன் படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். வீட்டில் புயல் என்றால் பெரியவளின் கணவர் செருப்பைத் தேடுவார். அன்றிலிருந்து அவருக்கு வெளிவேலை அதிகமாகிவிட்டது.

பெரியவள் ஜாடியின் அடியை வெளிச்சத்தில் திருப்பினாள். கட்டம் கட்டமாக ஒரு அச்சு.

"பிளாஸ்டிக் விரிப்பு மேல வெச்சிருந்தியா?"

"மேசை மேல வெச்சிருந்தேன். மேசைல விரிப்பு இருக்கும். பதினெட்டு நாளாச்சு. பாருங்க, வெள்ள வெளேர்னு இருக்கு."

"மேல காஞ்சிருக்கு. அடிக்குக் காத்தே போகல. அதுல வேற ரெண்டு வெரல் கனம் விட்டிருக்க. சூடு ஏறினா உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி ஒடச்சிட்டு வரும். உன்னோடது மட்டும் போகாது, கூட இருக்கறதும் போகும்."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. வார்த்தை மாறாம."

மாறவில்லைதான். புலி வருது புலி வருது என்று இரண்டு தடவை கத்தியவளுக்கு மூன்றாம் தடவை நிஜமாகவே புலி வந்து நிற்கும்போது கத்தப் புது வார்த்தை எங்கே கிடைக்கும்? தராசில் வைத்துக் காட்டலாம் என்றால் முழங்கால் உயர ஜாடி அந்தத் தராசில் நிற்காது. தள்ளிப்போடலாம் என்றால், சனிக்கிழமை கடைக்காரம்மா வருகிறாள். இன்று சுட்டு, மெருகு பூசி, மறுபடி சுட்டால்தான் சரியாக இருக்கும்.

"அப்ப உங்களோடத மட்டும் வெப்பீங்க, இல்ல?" என்று சின்னவள் மேசையைக் காட்டினாள். "எனக்கு ஈரம்னு சொல்லிட்டு, உங்களோடது மட்டும் கண்காட்சிக்குப் போய்டும். அதான எப்பவும்."

மேசை மேல் பெரியவளின் ஜாடி இருந்தது. அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவளுடைய அன்றைய நிலைமை புரியாது. நாற்பது நாள் வேலை. தராசு விவகாரத்துக்கு மறுநாள் தொடங்கியது. அதுவரை அவள் எதைக் கட்டினாலும் அட்டையில் வெட்டிய அளவை வைத்து, திரிக்குத் திரி சரிபார்த்து, ஈரப் பஞ்சால் தேய்த்து, கை பட்ட சுவடே இல்லாமல் முடிப்பாள். இந்தத் தடவை அட்டையைத் தேடக்கூட இல்லை. திரியை உருட்டும்போது சின்னவளுக்குச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட ஒரு பதில் நாக்கு நுனிக்கு வரும்; அதை முழுங்கிவிட்டுத் திரியை வைத்து அமுக்குவாள். விளிம்பை முள்கரண்டியால் கீறும்போது இன்னொன்று வரும். வயிறு புடைத்தது, தோளில் ஒரு பக்கம் வீங்கியது, கழுத்து திடீரென்று இறுகியது. நிரவ வேண்டும் என்று பஞ்சை எடுத்தாள். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். ஒரு நாள் காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தபோது அது யாரோ கோபித்துக்கொண்டு திரும்பி நிற்கிற மாதிரி நின்றிருந்தது. பதினோரு வருஷத்தில் அவள் செய்த சாமான்களில் உயிர் இருந்தது அதற்கு மட்டும்தான். அதை அவளுக்குக் கொடுத்தது யார் என்று யோசித்தால் இன்னும் எரிச்சல் வந்தது. அன்பாகச் செய்தால் நன்றாக வரும் என்று சொல்கிறவர்களை அழைத்துவந்து இதைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். இன்னொன்று இப்படிச் செய்ய முடியுமா என்றால், முடியாது. கையைப் பார்த்தால் கைக்கே அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"ரெண்டையும் ஒண்ணா வைங்க," என்றாள் சின்னவள். "உங்களோடது பக்கத்துல இருந்தா நான் பயப்பட வேண்டாம்."

"வெடிச்சா?"

"வெடிச்சா ரெண்டும் போகட்டும்."

அந்த இடத்தில் பெரியவள் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பார்த்தீர்களா என்று சின்னவள் ஊரைக் கூட்டாமலே கூட்டுவாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, "பிடி அந்தப் பக்கம்" என்றாள்.

அந்தக் கனத்தை ஒருத்தியால் தூக்கிச் சூளைக்குள் இறக்க முடியாது. நான்கு கை வேண்டும். ஆறு மாதமாக நேருக்கு நேர் பார்க்காத இரண்டு பேரும் ஒரே ஜாடியைக் கட்டிக்கொண்டு, நெற்றி நெற்றியில் இடிக்கக் குனிந்தார்கள். சின்னவளின் மூச்சு பெரியவளின் காதில் பட்டது. "மெதுவா," என்றாள் ஒருத்தி. "தெரியும்," என்றாள் இன்னொருத்தி. முதலில் சின்னவளுடையது, அப்புறம் பெரியவளுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. பெரியவள் மூடியை இறக்கி, ஆவி போக ஒரு செங்கல் துண்டைச் சொருகி, திருகைக் குறைவில் வைத்தாள். மணி ஏழு. சின்னவள் கையைத் தட்டிவிட்டு மாடிக்குப் போனாள்.

வழக்கம் என்னவென்றால் இரண்டு மணி நேரம் குறைவு, பிறகு நடுத்தரம், மத்தியானத்துக்கு மேல் அதிகம். காய்ந்த சாமானுக்கு அது போதும். அடியில் ஈரம் உள்ளதை இன்று முழுக்கக் குறைவிலேயே போட்டு, தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்குக் கீழேயே வைத்திருந்தால் ஈரம் சத்தமில்லாமல் வெளியேறிவிடும். நாளைக்குச் சூட்டை ஏற்றிக்கொள்ளலாம். சனிக்கிழமைக்குள் அடித்துப் பிடித்து முடித்துவிடலாம். இரண்டு ஜாடியும் முழுசாக வரும். வந்ததும் சின்னவள் தன்னுடையதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஈரம்னீங்களேக்கா?" என்பாள். வாழ்நாளெல்லாம் கேட்பாள். பெரியவள் வாய் திறந்து சொன்ன ஒரே உண்மை மூன்றாவது பொய்யாகிவிடும்.

மாறாக, வழக்கப்படி ஒன்பது மணிக்குத் திருகைத் தள்ளினால் பத்து பத்தரைக்குள் டப்பென்று ஒரு சத்தம் மாடி வரைக்கும் கேட்கும். அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. தன் மூக்கு அறுபட்டாலும் எதிராளிக்குச் சகுனம் கெட வேண்டும் என்று சொல்வார்களே, அதைக் கேட்டு அவள் பல தடவை சிரித்திருக்கிறாள். இன்று கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, மூக்கு போவது அவ்வளவு பெரிய விஷயமா என்று நிஜமாகவே யோசித்தாள்.

ஒன்பது மணிக்கு எழுந்து, சூளையின் பக்கவாட்டுத் துளையில் இருந்த தக்கையைப் பிடுங்கினாள். கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியைத் துளைக்கு நேரே பிடித்தாள். இரண்டு எண்ணுவதற்குள் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. விரலை வைத்தால் தண்ணீர். காய்ந்த சாமானாக இருந்தால் கண்ணாடி பளிச்சென்று இருந்திருக்கும். இதோ சாட்சி. படிக்கட்டு அடியில் நின்று குரல் கொடுத்தாள்.

"இந்தா, கொஞ்சம் கீழ வந்து பாரேன்."

"எதுக்கு?"

"வந்து பாரு, தெரியும்."

"நான் வந்து நிக்க, அப்புறம் எதாவது ஆச்சுன்னா அவளும் கூடத்தான் இருந்தான்னு சொல்றதுக்கா? வேணாங்க்கா. நீங்களே பாருங்க."

பெரியவள் ஓடிப்போய் மறுபடி கண்ணாடியைத் துளையில் காட்டி, நன்றாக ஆவி பிடிக்க வைத்து, விழுந்தடித்துப் படியேறினாள். பதினேழு படி. முழங்கால் அவள் பேச்சைக் கேட்கிற வயதில் இல்லை. மேலே போய் மூச்சு வாங்க, "பாரு" என்று நீட்டினாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த சின்னவள் வாங்கிப் பார்த்தாள். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கணம் பெரியவளை ஏறிட்டாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் சொருகிக்கொண்டாள். வலது கன்னத்தில் வெள்ளையாக மண் தூசி ஒட்டியிருந்தது. அதைப் புறங்கையால் துடைத்தாள். அப்புறம் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

கண்ணாடி சுத்தமாகக் காய்ந்திருந்தது.

பாதிப் படி இறங்கும்போதுதான் அந்தத் தூசி பெரியவளுக்கு உறைத்தது. ஜாடியைத் தூக்கும்போது பட்டிருக்கலாம். இல்லை, ஜாடியைக் கீழே கொண்டுவருமுன் சின்னவளும் கன்னம் வைத்துப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் எங்கே வைத்தாள்? ஜாடியின் வயிற்றில் என்றால் ஒன்றும் தெரிந்திருக்காது, பாவம், காய்ந்துவிட்டது என்றே நினைத்திருப்பாள். அடியில் வைத்திருந்தால் சில்லென்று இருந்திருக்கும். தெரிந்தேதான், வெடித்தால் ரெண்டும் போகட்டும் என்று சொல்லியிருக்கிறாள். மூக்கை அறுத்துக்கொள்ள இந்த வீட்டில் இன்னொருத்தியும் தயார். திரும்பிப் போய்க் கேட்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்வாளா? சொன்னால்தான் இவள் நம்புவாளா?

கொட்டகைக்குள் சூளை லேசாக ரீங்கரித்துக்கொண்டிருந்தது. மணி ஒன்பதரை தாண்டியிருந்தது. பெரியவள் வாளியில் உட்கார்ந்து, இடது கையை இன்னும் குறைவிலேயே நின்ற திருகின் மேல் வைத்தாள். உள்ளே இரண்டு ஜாடிகளும் ஒரு விரல் இடைவெளியில் நின்றுகொண்டிருந்தன. வலது கையால் கண்ணாடியைத் தூக்கித் துளைக்கு நேரே பிடித்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது. கன்னத்தில் அதே இடத்தில் அதே வெள்ளைத் தூசி. துடைக்கக் கை ஒழியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து ஆவி ஏறி, முதலில் தாடை, பிறகு அந்தத் தூசி படிந்த கன்னம், கடைசியில் கண்ணும் மறைந்தது.