ஆளுக்கேத்த டம்ளர்

பார்த்திபனுக்குப் பதில் தெரியாமல் இல்லை. நேரத்துக்கு வராது, அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தால் அவன் அப்பா தணிகாசலம், "இன்னாடா, உங்க மேடம் இன்னிக்கி எதுனா ஆர்டர் போட்டாங்களா?" என்பார். மேடம் என்ற சொல்லை மட்டும் ஊறுகாய் மாதிரி நாக்கில் வைத்துச் சப்புவார். பார்த்திபன் ஒரு சிரிப்பைச் சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைவான். மறுநாள் காலை ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது பதில்கள் ஒவ்வொன்றாக வரும். எல்லாமே நறுக்கென்று இருக்கும். கேட்கத்தான் அப்பா அங்கே இருக்க மாட்டார்.

அந்த மேடத்தின் பெயர் ஏஞ்சலின். தேர்வாய் கண்டிகையில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் அவன் லைனுக்கு சூப்பர்வைசர். அவள் அப்பா ஜோசப் ஒரு காலத்தில் தணிகாசலத்தின் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். தணிகாசலத்தால் ஜீரணிக்க முடியாதது அதுதான். "நம்ம கயனில நட்டவன் பொண்ணு நம்ம புள்ளைக்கு லீவு குடுக்கறா. எல்லாம் சலுகைல வந்த வேலை" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியில் சலுகையே கிடையாது என்ற தகவலும் பார்த்திபனுக்கு ஸ்டேஷனில்தான் நினைவுக்கு வரும்.

மழையில் பைக் வழுக்கி அவன் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தவனைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏஞ்சலினும் அதே லைனில் வேலை பார்க்கும் சரவணனும் ஆப்பிளோடு வந்தார்கள்.

தணிகாசலம் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "தம்பிக்கு எந்த ஊரு? எந்தத் தெரு? தாத்தா பேரு இன்னா?" என்று சரவணனைக் குடைந்து திருப்தியானார். ஏஞ்சலினை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பது அவர் எண்ணம்.

அம்மா சந்திரகலா தட்டில் டீ கொண்டுவந்தாள். ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு பேப்பர் கப். சரவணன் விவரம் தெரியாமல் பக்கத்தில் இருந்த பேப்பர் கப்புக்குக் கை நீட்டினான்.

"தம்பி, நீ டம்ளர் எடுத்துக்கோ" என்றார் தணிகாசலம்.

பார்த்திபனுக்குக் காது சுட்டது.

"ஏம்மா, மேடத்துக்கு டம்ளர் இல்லையா?"

சொன்னது தான்தானா என்று அவனுக்கே சந்தேகம். சந்திரகலா தரையைப் பார்த்தாள். "தேய்க்கலடா. எல்லாம் எச்சில்ல கெடக்குது."

"இப்பல்லாம் இதான் சுத்தம்" என்று தணிகாசலம் எடுத்துக் கொடுத்தார். "ஆஸ்பத்திரில கூட பேப்பர் கப்புதான்."

"நான் தேய்ச்சி எடுத்துகினு வரேன்" என்று பார்த்திபன் சமையலறைக்குள் போனான். மேல் அலமாரியில் பாத்திரக்கூடை. ஒற்றைக் கையால் இழுத்தான். கூடை அப்படியே கவிழ்ந்தது. தேய்த்துத் துடைத்துப் பளபளவென்றிருந்த அத்தனை டம்ளரும் தடதடவென்று இறங்கி, வாசற்படி தாண்டிக் கூடத்துக்கு உருண்டு வந்தன. ஒன்று ஏஞ்சலின் காலடியில் வட்டமடித்து நின்றது.

"பூனை" என்றார் தணிகாசலம். "எப்பப் பாத்தாலும் எதையாவது உருட்டும்."

ஏஞ்சலின் அந்த டம்ளரை எடுத்து ஜன்னல் விளிம்பில் நிமிர்த்தி வைத்தாள். "டீ வேணாம் ஆன்ட்டி, சர்ச்சுலயே குடிச்சிட்டுதான் வந்தேன்" என்று எழுந்தாள்.

சரவணன் டம்ளரைத் தொடாமலே பின்னால் போனான். பார்த்திபன் கேட் வரை ஓடி, "சாரி மேடம்" என்றான்.

"எங்கிட்ட ஏன் சாரி? நீங்களா ஊத்துனீங்க?" ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே சொன்னாள். "என் எதுர்ல கேட்டீங்க, சரி. நான் இல்லாதப்ப அவங்க பேசுவாங்க இல்ல, அப்ப இன்னா சொல்றீங்க? அதான் மேட்டரு."

அவனுக்குச் சுருக்கென்றது. உள்ளே வந்தால் தணிகாசலம் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். பழத்துக்குத் தீட்டு இல்லை போல.

"நல்ல பொண்ணுதான்டா. பாத்தா அவங்கள்ல ஒருத்தி மாதிரியே இல்ல."

"யார்ல நைனா?"

"இன்னா?"

"அவங்கள்லனு சொன்னியே. யார்ல?"

"சும்மா சொன்னேன்டா."

"சும்மா சொன்னதத்தான் கேக்கறேன். முழுசா சொல்லு."

தணிகாசலம் முழுசாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் மென்று துப்புகிற சொல்தான், கேட்டவுடன் வாயில் மாட்டிக்கொண்டது. டிவி சத்தத்தைக் கூட்டினார். பார்த்திபன் எதிரிலேயே உட்கார்ந்து, விளம்பரம் வரும்போதெல்லாம் மரியாதையாகவே கேட்டான். அடுத்த நாளும் கேட்டான். பேச்சில் ஒரு சொல் வழுக்கினால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு அர்த்தம் கேட்டான்.

வீடு பேஜாராகிவிட்டது. மீஞ்சூர் மாமா மணவாளன் போனில் நோயைக் கண்டுபிடித்தார். "வலி மாத்திரை பவரு ஜாஸ்தி. மூளைக்கு ஏறிட்சி."

தணிகாசலம் மகனைக் கும்மிடிப்பூண்டிக்குக் கூட்டிப்போனார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, நன்றாகக் கூடிவருகிறது என்றார்.

"அதில்லீங்க டாக்டர். மாத்திரை சாப்ட்டதுலருந்து எதுத்துப் பேசறான்."

"அப்படியா? என்ன பேசறாரு?"

தணிகாசலம் தொண்டையைக் கனைத்தார். பார்த்திபன் முந்திக்கொண்டான். "ஊட்டுக்கு வந்தவங்களுக்கு இவரு சாதி பாத்து டம்ளர் குடுத்தாரு டாக்டர். ஏன்னு கேட்டேன். அதுக்குதான் இங்க இட்டுகினு வந்துக்கறாரு."

கதவு திறந்தே கிடந்தது. வெளியே காத்திருந்த ஜனம் மொத்தமும் எட்டிப் பார்த்தது. சிரிஞ்சை எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் திலகவதி அப்படியே நின்றாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, தணிகாசலத்தை நன்றாக ஒரு தடவை பார்த்தார்.

"மாத்திரைய மாத்த வேணாம்" என்றார். "வேலை செய்யுது."

தணிகாசலம் மனம் மாறினார் என்று சொன்னால் பொய். ஆனால் மகன் எதிரில் வாயைத் திறக்குமுன் ஒரு தடவை சுற்றுமுற்றும் பார்க்கப் பழகிக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகு லைன் ஆட்கள் வந்தபோது சந்திரகலா யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் டீ ஊற்றி, ஏஞ்சலின் பக்கத்திலேயே உட்கார்ந்து, பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் மட்டும், கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சணும், மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனார். கழனியில் அறுவடை முடிந்து அடித்தாளும் காய்ந்து கிடந்தது.