ஒட்டிக்கொண்ட நிழல்

ஃபோட்டோ ஸ்டூடியோவில் அவளுக்கு டச்சப் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். முகப்பருவை அழிப்பது, கருத்த கழுத்தை வெளுப்பது, சப்பை மூக்கின் ஓரத்தில் துளி நிழல் வைத்து எடுப்பாக்குவது, இதெல்லாம் அவள் வேலை. நிழல் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டால் வேறு உலகம். அண்ணன் வீட்டுச் சின்ன அறையின் மூலையில் அவளுடைய கம்ப்யூட்டர். வீடியோ கேமுக்கு வேண்டிய வாள், கிணறு, கப்பல், கோட்டைக் கதவு என்று ஒவ்வொன்றாக உருவம் செய்வாள். அதன்மேல் போர்த்துகிற படத்தையும் தானே வரைவாள். பள்ளிக்கூடமா, வாத்தியாரா, ஒரு மண்ணும் கிடையாது. யார் யாரோ போட்ட வீடியோக்களைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதுதான். செய்ததையெல்லாம் கம்பெனி கம்பெனியாக அனுப்பினாள். கிணற்றில் போட்ட கல். "வேண்டாம்" என்று சொல்லக்கூட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

இந்த லட்சணத்தில் அண்ணிக்கு நிறைமாதம். குழந்தைக்குக் கட்டில் போட அந்த மூலையை விட்டால் வேறு இடமில்லை.

"எத்தனை வருஷம்தான் இப்படியே ஓட்டுவே? நீயே சொல்லு" என்றான் அண்ணன்.

நல்லவேளையோ கெட்டவேளையோ, அந்த வாரமே ஒரு கேம் கம்பெனி பதில் போட்டது. பழைய சமையலறை ஒன்றைச் செய்து எடுத்து வாருங்கள், நேரில் பார்க்கிறோம் என்று.

"இதுதாண்ணா கடைசி. இதுவும் இல்லேன்னா இந்த கம்ப்யூட்டர் மிஷினை ஸ்டூடியோவுக்கே குடுத்துடறேன். முதலாளி ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கார்."

"அவ கெட்டிக்காரிங்க. கெடைக்கும். நீங்க கொஞ்சம் வாயை வச்சுட்டு சும்மா இருங்க" என்றாள் அண்ணி.

அந்தச் சமையலறைக்கு உயிரைக் கொடுத்தாள் டச்சப். அடுப்பு, மேசை, சுவரில் தொங்கும் வாணலிகள், மூடி உடைந்த ஜாடி. இடதுபக்க ஜன்னலிலிருந்து வெயில் வருவதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இந்தப் பக்கம் மினுமினுப்பும் அந்தப் பக்கம் நிழலும் வரைந்தாள். "ஐயோ, கைவிட்டு எடுத்துடலாம் போலிருக்கே!" என்று அண்ணி வாயைப் பிளந்தாள்.

கம்பெனியில் தலைமை ஓவியர் அவளைவிடச் சின்னவர். அவள் கொண்டுபோனதைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"உருவமெல்லாம் பிரமாதம்ங்க."

டச்சப்புக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணிக்கு எப்படிச் சொல்வது என்று அதற்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள், பைத்தியக்காரி.

"எங்க கேம்ல எல்லாமே இருட்டுதான். ஆள் கையில ஒரு லாந்தர் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் திரையில் வெயிலை அணைத்தார். லாந்தர்காரன் வலதுபக்கக் கதவு வழியாக உள்ளே வந்தான். வெளிச்சம் வலதிலிருந்து விழுந்தது. அவள் வரைந்த நிழலோ அந்த வலதுபக்கத்திலேயே, லாந்தருக்கு நேர் எதிரில், கரியை அப்பினாற்போல் உட்கார்ந்திருந்தது. லாந்தர் சுற்றிச் சுற்றி வந்தது. நிழல் அசையவில்லை.

அவர் மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

"நிழலை நீங்களே வரைஞ்சிட்டீங்களா?"

"ஆமா சார்."

"அதை கேமே போட்டுக்கும். நாம நிறத்தை மட்டும்தான் குடுக்கணும். வெளிச்சம் நகருமில்ல? இது முதல் பாடமாச்சே. யாரும் சொல்லலையா?"

"சொல்றதுக்கு யார் சார் இருக்கா?"

உண்மைதான். அவள் பார்த்த வீடியோக்களில் செய்த பொருளைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்களே தவிர, விளக்கை ஒருத்தரும் நகர்த்திக் காட்டவில்லை. ஸ்டூடியோவிலோ வெளிச்சம் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும்.

"நாளைக்கே திருத்திக் கொண்டுவந்துடறேன் சார்."

அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இன்னொருத்தரையும் பாத்து வச்சிருந்தோம். திங்கட்கிழமையே ஆள் வேணும். தப்பா எடுத்துக்காதீங்க."

பேருந்தில் போனைத் திறந்து, இணையத்தில் போட்டுவைத்திருந்த பழைய வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாளில் நிழல். கிணற்றில் நிழல். கப்பல், கதவு, எல்லாவற்றிலும் அதே கூத்து. ஒவ்வொன்றின் கீழும் முன்பின் தெரியாதவர்கள் "சூப்பர்", "செம" என்று இதயம் இதயமாகப் போட்டிருந்தார்கள். அடப்பாவிகளா, ஒருத்தராவது ஒரே ஒரு வரி சொல்லியிருக்கக்கூடாதா! இத்தனை வருஷமும் பாழாய்ப் போனதே. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"போனா போறது விடு. நாங்க நகர்ந்து படுத்துக்கறோம். மிஷின் இருந்துட்டுப் போகட்டும்."

"எங்கே நகருவீங்க அண்ணி? சுவருக்குள்ளயா? அண்ணனை முதலாளிக்கு போன் பண்ணச் சொல்லுங்க."

முதலாளி வருவதற்குள் சும்மா உட்கார முடியவில்லை. சமையலறையைத் திறந்து, வரைந்த நிழல்களை ஒவ்வொன்றாக அழித்தாள். மினுமினுப்பையும் துடைத்தாள். பாத்திரங்கள் பார்க்கச் சப்பென்று ஆகிவிட்டன. பிறகு வெயிலை அணைத்து, ஒரு விளக்கை உள்ளே கொண்டுவந்தாள்.

அடேயப்பா! வாணலிகளின் நிழல் சுவரில் நீண்டு, விளக்கு நகர நகரத் தானும் நகர்ந்தது. ஜாடியின் விளிம்பில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனது. இத்தனை வருஷமாக அவள் வரைய நினைத்ததெல்லாம் தானாக வந்து நின்றது. "அண்ணி, இங்க வாங்களேன்!" என்று கத்தப் போனாள். அதற்குள் வாசலில் மணி அடித்தது.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வேண்டாம் என்ற வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. அந்தப் பக்கம் அண்ணி ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"உள்ள இருக்கறதெல்லாம் வேணுமா, அழிச்சிடலாமா?" என்றார் முதலாளி.

"அழிச்சிடுங்க சார்."

அண்ணன் ஒயர்களைப் பிடுங்கினான். திரை இருண்டது. முதலாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"டச்சப், நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடும்மா. கல்யாணப் பொண்ணு ஃபோட்டோ ஒண்ணு இருக்கு. முகம் ரொம்பத் தட்டையா விழுந்திருக்கு. கன்னத்துல நிழல் வைக்கணும். உன்னை விட்டா யாரு இருக்கா?"

"வச்சுடறேன் சார்" என்றாள்.