சத்தம் போடாத வீடு

"நாற்காலியை இழுக்காதீங்க. தூக்கி வைங்க," என்றான் அவன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளறையில் பெண்டாட்டி செத்துக் கிடக்கிறாள், இவன் யார் தூக்கம் கெட்டுவிடும் என்று பார்க்கிறான்? அவனுக்கே அது உறைத்தபோது காது சூடேறியது. பாவம், இத்தனை வருஷப் பழக்கம் ஒரே நாளில் விடுமா?

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை. அவளைப் படுக்கையில் தள்ளிய காய்ச்சலை அங்கிருந்துதான் கொண்டுவந்தான். அவனை ஒரு வாரம் படுத்திவிட்டுப் போய்விட்டது. அவளைப் பிடித்தது, விடவேயில்லை. காய்ச்சல் இறங்கியும் உடம்பு எழவில்லை. தலை வாரிக்கொண்டாலே இரண்டு நாள் படுக்கை. வெளிச்சம் ஆகாது, கரண்டி விழுகிற சத்தம் ஆகாது. சொந்தக்காரர்கள் சோம்பேறி என்று வாய் கூசாமல் சொன்னார்கள். டாக்டரம்மா மட்டும், "கிருமி போனாலும் சில பேருக்கு உடம்பு பழையபடி திரும்பறதில்லை. அந்தக் காய்ச்சலாலகூட இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியலை," என்றார். அந்த 'இருக்கலாம்' அவனை அரித்துத் தின்றது.

அதனால் வீட்டில் ஒரு சட்டம் போட்டான். அவள் கண்ணில் துணி கட்டிப் படுத்திருந்தால் யாரும் தொடக்கூடாது, எழுப்பக்கூடாது. அறை வாசலில் நின்று ஏதாவது கேட்கலாம். பதில் வந்தால் வந்தது.

நேற்று மத்தியானம் வேலைக்குக் கிளம்பும்போதும் அப்படித்தான் கேட்டான், "பரவாயில்லையா?" என்று. "ம். போயிட்டு வாங்க," என்றாள். கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனான். ராத்திரி திரும்பி வந்து மனசு கேட்காமல் தொட்டுப் பார்த்தால் கட்டையாகக் கிடந்தாள்.

"இதயம் நின்னிருக்கு," என்றார் அப்போதே வந்து பார்த்த டாக்டரம்மா. "இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க."

"மத்தியானம் பேசினாளே டாக்டர்."

அவர் அவன் தோளைத் தொட்டார்.

டாக்டரம்மா சொல்வது சரி என்றால் அவன்மேல் தப்பில்லை. ஆனால் பேசியது யார்? அவன் காது சரி என்றால், உயிருக்குப் போராடியவளைத் தனியே விட்டுப் போன பாவி அவன். ஏதாவது ஒன்று தெரிந்தாக வேண்டும்.

அவளுக்குத் துணையாக வீட்டில் இருந்த கொழுந்தியாளைச் சமையலறைக்குக் கூப்பிட்டான்.

"நேத்து நீ உள்ள போனியாம்மா?"

"நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, வெந்நீர் வைக்கப் போனேன் அத்தான்."

"பேசினாளா?"

அவள் துடைத்த மேடையையே மறுபடி துடைத்தாள். "பேசினா. உங்ககிட்ட இப்பச் சொல்ல வேண்டாம்னா."

"எதை?"

"நானும் அதான் கேட்டேன். 'காலையிலேயே ஆயிடுச்சு. அவருக்குத் தெரிஞ்சா பயந்துடுவாரு'ன்னா. தூக்கத்துல உளர்றான்னு நினைச்சேன். டம்ளரை ஸ்டூல்ல வச்சுட்டு வந்துட்டேன். நிறையத்தான் ஊத்தியிருந்தேன் அத்தான்."

அவன் பயந்து நடுங்கினான், அந்த நடுக்கத்துக்குள்ளேயே, போன பிறகும் தன்னைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாளே என்று நெஞ்சு வெடிக்க அழுதான்.

"எடுக்கலாமா?" என்று கூடத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஒரு நிமிஷம்," என்று உள்ளே போனான்.

அவள் அப்படியே கிடந்தாள். நேற்று வைத்த டம்ளர் ஸ்டூலிலேயே இருந்தது. பாதிதான் இருந்தது. நோயாளிகளின் துணியில் புழங்குகிறவன் அவன். அடுத்தவர் எச்சில் பாத்திரத்தைச் சோப்பில்லாமல் தொட மாட்டான். டம்ளரை எடுத்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மீதியைக் குடித்தான்.

தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.