பால்குடி மறக்கும்வரை

உறைந்த ஏரிக்கு மணமும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆகவே, கரையோரமாகப் பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்துகொண்டிருந்த ஹில்க்கா, அழுகிய மீனின் வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டாள். வாடை வந்த திசையைப் பார்த்தாள். அந்தத் திசையில் இருந்தது சீலின் பனிமேடு.

மீன் தின்று வாழும் நீர்விலங்கான இந்தச் சாய்மா ஏரியின் சீல் உலகில் வேறெங்கும் இல்லை. குளிர்காலத்தில் கரையோரம் தேங்கும் பனிக்குவியலுக்குள், அடியிலிருந்து குடைந்து ஏறி வளை அமைத்து அதிலேதான் தாய் சீல் குட்டி போடும். சில ஆண்டுகளாகப் பனி பொழிவதே அரிதாகிவிட்டது. அதனால், தை பிறக்கும் காலத்தில் ஊரார் அகன்ற மண்வாரிகளோடு ஏரியில் இறங்கி, கிடைக்கும் பனியையெல்லாம் தள்ளிச் சேர்த்து மேடு கட்டுகிறார்கள். கட்டிய பின் அதன் அருகில் எவரும் போகக்கூடாது. சட்டமும் அதுதான், சட்டம் இல்லாவிட்டாலும் மானமுள்ளவர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

இந்த மேட்டைக் கட்டியவர்கள் இருவர். ஒருத்தி, ஊர் மருந்துக்கடையை நடத்தி ஓய்வு பெற்ற ஹில்க்கா. மற்றவன், அவளுடைய மறைந்த கணவனின் தம்பி வெய்யோ. ஏரிக்கரையில் விடுமுறைக் குடில்களை வாடகைக்கு விடுபவன். மாசியில் தாய் சீல் உள்ளே புகுந்து குட்டி போட்டிருக்கிறது என்பதை, தொலைநோக்கியின் வழியே மேட்டோரத்தில் கண்ட சிறு அசைவுகளால் ஹில்க்கா உணர்ந்திருந்தாள். அன்று முதல் அவளுடைய கவலை ஒன்றே: ஏரி உருகுவதற்குள் அந்தக் குட்டி கொழுத்துவிட வேண்டும்.

மேட்டை நெருங்கியவள் கண்ட காட்சி இது: வரிசையாக மிதித்துப் பதிந்த காலடிப் பாதை. உட்காருவதற்கு ஒரு பலகை. தீயில் வாட்டித் தின்ற இறைச்சிக் குழல்களைக் கோத்திருந்த குச்சிகள். கசங்கிய காப்பிக் குவளைகள். மேட்டின் உச்சியில் ஒரு துளை. அதன்மேல் ஒரு வாளியின் மூடி. துளையைச் சுற்றிலும், வெயிலில் இளகிக் கூழாகிப் பனியை மஞ்சளாக்கிக்கொண்டிருந்த முய்க்கு என்னும் சிறு ஏரிமீன்களின் குவியல்.

பின்னால் வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டது. வெய்யோ இன்னும் மீன் கொண்டுவந்துகொண்டிருந்தான்.

"என்ன வெய்யோ இது?"

"எது?"

"இந்த ஓட்டை."

"ஓட்டைன்னும் சொல்லலாம். ஜன்னல்னும் சொல்லலாம். எட்டிப் பாக்குறவங்க மனசைப் பொறுத்தது."

அவனிடமிருந்து நேரான பதில் வந்ததாக ஊரில் எவருக்கும் நினைவில்லை. அந்த வட்டாரமே அப்படித்தான். ஆயினும் மற்றவர்களின் சுற்றிவளைத்த பேச்சில் நகைச்சுவை இருக்கும், இவனுடைய பேச்சில் வியாபாரம் இருக்கும்.

"குடில்ல தங்குறவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுறியா?"

"கூட்டிட்டு வரலை. நான் நடக்குறேன், அவங்களும் பின்னாலயே நடக்குறாங்க. ஏரி என்ன என் அப்பன் வீட்டு ஏரியா, தடுக்குறதுக்கு?"

"மீன் எதுக்கு?"

"அம்மாக்காரிக்குத்தான். பாவம், குட்டியைப் போட்டுட்டுப் பசியோட கிடக்கா. வாசல்லயே சோறு வெச்சா நல்லதுதானே? நம்ம ஊரு உபசாரத்தை அவளும் பாக்கட்டும்."

"அட மடையா! அவ ஏரிக்கு அடியில போய்த் தானே மீன் பிடிச்சுத் திங்கிறா. குட்டியோ பாலைத் தவிர வேற எதையும் தொடாது. நீ வெச்சிருக்கிற இந்த அழுகல் யாருக்கு விருந்து தெரியுமா? நரிக்கு!"

"நரியும் வாயில்லா ஜீவன்தானே, ஹில்க்கா."

"வாரி எடு. இன்னிக்கே எடு. மூடியை எடுத்துட்டு ஓட்டையைப் பனியால அடை. குளிர் உள்ளே இறங்குது. அந்தக் குட்டி குடிக்கிற பாலையெல்லாம் உடம்புல ஏத்தணும். நீ அந்தப் பாலையே எரிச்சுக் குளிர்காய வைக்கிறே. வீடு கட்டச் சேத்த மரத்தை அடுப்புல போட்ட மாதிரி."

"இந்த மேட்டைக் குவிச்சது யாரு? முக்கால்வாசி நான். என் முதுகு இன்னிக்கும் பேசுது."

"உன் முதுகு மட்டுமா பேசுது? நீ முழுசாத்தான் பேசிக்கிட்டே இருக்கே. எடுப்பியா, மாட்டியா?"

"எடுத்தாலும் எடுப்பேன்" என்றான் வெய்யோ.

தொட்டில் கட்டித் தந்தவன் அதில் கிடக்கும் பிள்ளையைக் கடைத்தெருவில் காட்டிப் பிழைக்கலாம் என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறது? வீடு திரும்பும்வரை ஹில்க்கா இதையே நினைத்துப் பொருமினாள். கையுறையை இருமுறை சோப்பிட்டுக் கழுவினாள். வாடை போகவில்லை.

அவன் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் மேட்டின் ஒரு பக்கம் வயிறு கிழிந்ததுபோல் திறந்து கிடந்தது. நரியின் நகக்கீறல்கள் உள்ளே வரை ஓடியிருந்தன. மீன்களில் ஒன்றும் மிச்சமில்லை. வளைக்குள் சாம்பல் நிறக் குட்டிமயிர் ஒரு கொத்து ஒட்டியிருந்தது, இரத்தம் இல்லை. நீருக்குள் இறங்கும் துளையின் விளிம்பு மட்டும் புதிதாகக் கலங்கி உறைந்திருந்தது. தாய் குட்டியை நீருக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

ஹில்க்கா தொலைநோக்கியை எடுத்து ஏரி முழுவதையும் துழாவினாள். கடைசியில், எதிரே நீட்டிக்கொண்டிருந்த காக்கைமுனையின் பாறைக்குப் பின்னால், கூரையற்ற வெறும் பனிக்கட்டியின்மேல் இரண்டு சாம்பல் கோடுகள் தெரிந்தன. ஒன்று பெரிது. மற்றது மிகச் சிறிது, மிக ஒல்லி. நனைந்த குட்டிமயிர் குளிரைத் தடுக்காது. கொழுப்போ இன்னும் சேரவில்லை. அது நடுங்குவதை அவ்வளவு தொலைவிலிருந்தும் அவள் கண்டாள். தாய் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. நெடுநேரம் தடுமாறிய பிறகு குட்டி மடியைக் கண்டுபிடித்தது.

ஹில்க்கா வனவிலங்குப் பாதுகாப்பு அலுவலகத்திற்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள், வெய்யோவின் பெயர் உட்பட. மறுமுனையில் பேசிய பெண் பெருமூச்சு விட்டாள்.

"பனிக்கட்டி நொந்துபோச்சுங்க. ஆள் நடந்தா தாங்கும், வண்டி தாங்காது. இரைச்சல் கேட்டா அந்தத் தாய் மறுபடியும் குட்டியைத் தண்ணியில இறக்கிடும். இன்னொரு தடவை இறங்கினா அது பிழைக்காது. ஏரி திறந்ததும் படகுல வர்றோம். அந்த ஆளை அப்ப கவனிச்சுக்கலாம். அதுவரைக்கும் யாரும் அந்த முனைப்பக்கம் போகாம மட்டும் எப்படியாவது பாத்துக்குங்க."

எப்படியாவது என்பது சொல்ல எளிய சொல். காக்கைமுனைக்குக் கரைவழியே எவரும் நடந்து போகலாம். ஹில்க்கா வெய்யோவின் குடில்களுக்குப் போனாள். விருந்தினர்களைத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும், கெஞ்சவும் வேண்டியிருக்கும். அவன் அங்கே இல்லை. மேட்டருகே இருந்தான்.

நரி கிழித்த பக்கத்தைப் பனியால் ஒழுங்காகப் பூசியிருந்தான். நேற்று செய்திருக்க வேண்டிய வேலையை இன்று எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தான்! உச்சித் துளையில் கையைத் தோள்வரை விட்டு எதையோ சரிசெய்துகொண்டிருந்தான்.

"எட்டிப் பாரு. ஆனா சிரிக்காதே."

அவள் எட்டிப் பார்த்தாள். வளையின் அரையிருளில், நினைவுப்பொருள் கடையில் விற்கும் பஞ்சடைத்த சீல் பொம்மை ஒன்று படுத்திருந்தது. கண்ணாடிக் கண்கள் மினுங்கின. நனைந்ததுபோல் தெரிவதற்காக அதன் முதுகில் எண்ணெய் தடவியிருந்தான். பக்கத்தில் புதிய மீன் ஒன்றும் வைத்திருந்தான்.

ஹில்க்கா "தூ!" என்று பனியில் துப்பினாள்.

"வர்றவங்க ஏமாந்து போகக்கூடாதில்ல?" என்றான் வெய்யோ. "நிஜக் குட்டியைத் தொந்தரவு பண்ணாதேன்னு நீதானே சொன்னே? இப்ப யாரையும் தொந்தரவு பண்ணலையே. நீ என்னைப் பாராட்டணும்."

பொம்மையைப் பிடுங்கி அவன் முகத்தில் எறியலாம் என்று அவள் கையை உள்ளே விட்டாள். அப்போது பேச்சுக்குரல்கள் கேட்டன. தலைநகரத்திலிருந்து வந்தவர்கள், பளிச்சென்ற மேலங்கிகளோடு பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவனின் கழுத்தில் முழங்கை நீளப் படக்கருவி தொங்கியது. அவன் அதை உயர்த்தி ஏரியை மெல்லத் துழாவிக்கொண்டே வந்தான். கருவியின் மூக்கு தீவைக் கடந்தது, நாணற்புதரைக் கடந்தது, காக்கைமுனையை நோக்கி நகர்ந்தது.

"இங்க, இங்க! சத்தம் போடாம வாங்க!" என்று வெய்யோ கிசுகிசுத்தான்.

கருவி உடனே தாழ்ந்தது. எல்லோரும் மேட்டைச் சுற்றி மண்டியிட்டார்கள். முனையின் பக்கம் எவரும் திரும்பவில்லை.

ஹில்க்கா வளைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். வெறுங்கையாக எடுத்தாள்.

"ஐயோ, எவ்வளவு அழகு!" என்று சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி உருகினாள். பிறகு முகத்தைச் சுளித்தாள். "ஆனா ஏன் அசையவே மாட்டேங்குது? உசிரோடதானே இருக்கு?"

வெய்யோ வாயைத் திறந்தான். அந்த வாய்க்கு, பிறந்தது முதல் முதன்முறையாக, வார்த்தை கிடைக்கவில்லை.

"பால்குடிக் குட்டி அப்படித்தான் இருக்கும்" என்றாள் ஹில்க்கா. "குடிக்கிற பாலெல்லாம் கொழுப்பா மாறணும்னா அது அசையாமக் கிடக்கணும். பயந்து ஓடினாலோ தண்ணியில விழுந்தாலோ, அத்தனையும் சூட்டுக்கே செலவாயிடும். தாய் பாலை நிறுத்தினதும் மீன் பிடிக்கக் கத்துக்குற வரைக்கும், இப்ப சேர்ற கொழுப்புதான் அதுக்குச் சோறு. அசையாத குட்டிதான் நல்லா வளர்ற குட்டி. தூரத்துலேருந்து பாத்துட்டுப் பேசாமப் போயிடுங்க."

"எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்காங்க!" என்றாள் சிவப்புத் தொப்பிக்காரி, பக்கத்திலிருந்தவனிடம். படக்கருவிக்காரன் துளைக்குள் கருவியை இறக்கிப் பொம்மையின் கண்ணாடிக் கண்களைப் படம்பிடித்தான்.

ஹில்க்கா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மருந்துக்கடையில் இத்தனை ஆண்டுகள் நின்றவள் ஒருநாளும் ஒரு குப்பியில் வேறொரு குப்பியின் சீட்டை ஒட்டியதில்லை. இன்று ஒட்டினாள். வாயைக் கொப்புளிக்க வேண்டும்போல் இருந்தது.

விருந்தினர்கள் ஏலக்காய் ரொட்டியைத் தின்று, குவளைகளைப் பனியில் செருகிவிட்டுக் கிளம்பினார்கள். வெய்யோ அவள் காதருகே குனிந்தான். அவன்மேலும் அதே மீன்வாடை.

"உனக்குப் பேச்சு நல்லா வருது, ஹில்க்கா. நாளைக்கும் வர்றியா?"

"வர்றேன். ஏரி உருகுற வரைக்கும் தினமும் வருவேன். இவங்களை இந்த மேட்டை விட்டு ஒரு அடி நகர விடாதே. உருகினதும் படகுல வேற ஆளுங்க வருவாங்க. அவங்ககிட்டயும் நான்தான் பேசுவேன்."

"படகுலயுமா?" வெய்யோவின் முகம் மலர்ந்தது. "வரட்டும், வரட்டும். அவங்களுக்கும் சேத்துக் காப்பி போட்டுடுவோம்."

ஹில்க்கா குனிந்து, செருகியிருந்த குவளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். முனையின் பக்கம் அவள் பார்க்கவில்லை. தான் பார்த்தால் அவனும் பார்ப்பான்.