வீரம்மாள் வீட்டுச் சிவலை

புருஷன் பழமலையின் நடுவிரலில் புது எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டிருந்தபோதுதான் ஆதிலட்சுமிக்கு அந்தக் குரல் கேட்டது.

"மாமா... வூட்ல இருக்கீங்களா?"

நகச்சுற்று வந்து வலது கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கிவிட்டதால் அவன் பீங்கான் கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தான். காலையிலிருந்து முனகிக்கொண்டு படுத்திருந்தவன், பழம் பாதி ஏறிய விரலோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

வாசலில் நின்ற வீரம்மாள் அவனுடைய தாய்மாமன் மகள். ஒரு காலத்தில் அவனுக்கென்று பேசி வைத்திருந்தவள். கிணற்றுப் பங்கில் இரண்டு குடும்பத்துக்கும் சண்டை வந்து பேச்சு முறிந்துபோக, அவளை இதே ஜில்லாவில் மங்களூர் கிராமத்துப் பக்கம் கொடுத்துவிட்டார்கள். புருஷன் செத்த பிறகு, போன வருஷம் ஒரு சிவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். அன்றிலிருந்து, 'மாமா' என்று யார் யாரைக் கூப்பிட்டாலும் ஆதிலட்சுமிக்கு நெஞ்சு காந்தியது.

"பனிக்குடம் ஒடஞ்சி நேரமாவுது மாமா. ஒரு காலுதான் வெளிய தெரியுது. மாட்டாஸ்பத்திரி டாக்டரு கம்மாபுரம் போயிருக்காராம்."

கன்று சிக்கிக்கொண்டால் அக்கம்பக்கத்தில் பழமலையைத்தான் கூப்பிடுவார்கள். ஆதிலட்சுமி ஒருநாளும் அவன்கூடப் போனதில்லை. இன்றைக்கு விளக்கெண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு, "நானும் வரேன்" என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான்.

கொட்டகையில் பசு ஒருக்களித்துக் கிடந்தது. ஒவ்வொரு முக்கலுக்கும் கண் வெளுத்து, நாலு காலும் விறைத்தன. பழமலை அதன் தலைமாட்டில் உட்கார்ந்து கழுத்தைத் தடவினான்.

"என்னாடி தாயீ... ரொம்ப வலிக்குதா? தோ, வந்துட்டன்ல. கொஞ்சம் பொறுத்துக்க தங்கம்."

அந்தக் குரலை ஆதிலட்சுமி கேட்டதே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இருட்டில்கூட அவன் அப்படிப் பேசியதில்லை. அவளுக்குப் பிள்ளை இறந்து பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் உள்ளே வந்து, "கஞ்சி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டான். அதற்குமேல் அவனுக்கு வராது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வரும்போலிருக்கிறது. வீரம்மாள் வீட்டுக் கொட்டகையில் வருகிறது. மாட்டின்மேல் ஒரு பொம்பளைக்குப் பொறாமை வருமா என்று யாராவது கேட்டிருந்தால் நேற்றுவரை சிரித்திருப்பாள். இப்போது அந்தப் பசுவின் கழுத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பழமலை பழத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வலது கையை உள்ளே விட்டுப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உடனே வெளியே இழுத்துக்கொண்டான். இடது கை அவன் சொன்னபடி கேட்கவில்லை.

"ஒரு காலு மடங்கிக் கெடக்குது. சின்னக் கையா இருந்தா போவும்."

வீரம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் வுடறேன் மாமா. எப்பிடின்னு மட்டும் சொல்லுங்க."

இருவருடைய தோளுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"நீ எந்திரி" என்றாள் ஆதிலட்சுமி. கண்ணாடி வளையல்களைக் கழற்றி, "இத புடி" என்று வீரம்மாளிடம் நீட்டினாள். வளையலில்லாத அந்தக் கை ஒரு கணம் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டது. அது ஆதிலட்சுமியின் கண்ணில் பட்டது. பட்டது நல்லதுதான் என்றும் தோன்றியது.

எண்ணெய் தடவிய கை முழங்கைவரை உள்ளே போனது. உள்ளே கொதித்தது. பசு முக்கியபோது எலும்பே நொறுங்கிவிடும் போலிருந்தது.

"மாடு முக்கறப்ப சும்மா இரு. வுட்டதும் கன்ன உள்ள தள்ளு. மொதல்ல தலை தட்டுப்படுதா பாரு."

ஈரமான மூக்கு தட்டுப்பட்டது. பிறகு வாய். விரல் உள்ளே நழுவியதும், கன்று அதைச் சப்பியது.

ஆதிலட்சுமி மூச்சு விடாமல் இருந்தாள். மறுபடியும் சப்பியது.

"உசுரோட இருக்குதுங்க" என்றாள்.

"அப்பிடியே கீழ போ. மடங்குன முட்டி இருக்கும். கொளம்ப உள்ளங்கையில பொத்திக்க, இல்லாட்டி மாட்டக் கிழிச்சிடும்."

அடுத்த முக்கலில் கை மரத்துப்போனது. "முடியலைங்க."

"பொறு தங்கம். இன்னங் கொஞ்சந்தான்."

அவனுடைய இடது கை பசுவின் இடுப்பில் இருந்தது. முகம் எங்கே இருந்தது என்று ஆதிலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால், சொன்னது யாருக்கு என்று தெரிந்துபோகும். குளம்பைப் பொத்தி, தள்ளி, வளைத்து இழுத்தாள். கால் நீண்டு வெளியே வந்தது.

"வீரம்மா, நீயும் புடி!" என்று ஆதிலட்சுமியேதான் கத்தினாள். மூன்று பேரும் சேர்ந்து இழுக்க, கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை. பழமலை அதன் வாயை வழித்துவிட்டு, மூக்குக்குள் ஒரு வைக்கோலை விட்டுத் திருகினான். ஒன்றுமில்லை. திரும்பவும் திருகினான். கன்று தும்மியது.

"பொட்டக் கன்னு, கிடாரி" என்றான்.

வீரம்மாள் அழுதுகொண்டே உள்ளே ஓடி வெந்நீர்ச் செம்போடு வந்தாள். "மாமா, மொதல்ல நீங்க கைய நீட்டுங்க. வீங்கிப் போயிருக்குது."

அவன் நீட்டினான். அவள் ஊற்றினாள். ஆதிலட்சுமிக்கு எழுந்துபோய் அந்தச் செம்பைப் பிடுங்க வேண்டும் என்றிருந்தது. எழப் பார்த்தாள். அதற்குள் பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்க ஆரம்பித்திருந்தது. தலை, முதுகு, வால் என்று நக்கிக்கொண்டே வந்து, பக்கத்தில் சளியும் ரத்தமுமாக வைக்கோலில் ஊன்றியிருந்த அவள் கையையும் நக்கியது. சொரசொரப்பான நாக்கு விரல்நுனியிலிருந்து முழங்கைவரை ஏறி, மறுபடி விரலிலிருந்து தொடங்கியது. ஆதிலட்சுமி கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.