மஞ்சள் எழுத்து

சென்னையிலிருந்து வந்த கம்பெனி எஞ்சினியர் ரப்பர் துணியில் தைத்த ஒரு பொம்மைக் காரின் பின்பக்கத்தைக் காற்றடித்து ரோட்டில் நிறுத்தினார். உப்பளங்களுக்கு நடுவே போகிற ரோடு. காலை பத்து மணிக்கே வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஸ்டீயரிங்கில் நான். எழுபதில் போய், பிரேக்கில் கால் வைக்காமல், நேரே அந்தப் பொம்மையைப் பார்த்து விட வேண்டும். மூன்று தடவை விட்டேன். மூன்று தடவையும் கார் பீப் பீப் என்று கத்தி, தானே பிரேக் போட்டு, பொம்மைக்கு இரண்டு முழம் இருக்கும்போது நின்றது. ஓரத்தில் குடை பிடித்து நின்ற எங்கள் ஷோரூம் மேனேஜர் கைதட்டினார். ஒரு மனுசன் கால் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இவருக்குக் கைதட்டு வருகிறது.

நான் ரெக்சன். சாயர்புரத்துக்காரன். தூத்துக்குடி ஷோரூமில் எட்டு வருசமாகப் புது வண்டி டெலிவரி கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்தான், ஆனால் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், திருஷ்டிக்குப் பூசணிக்காய், எல்லாம் என் பொறுப்பு. கஸ்டமர் மனசு குளிரணும் ரெக்சன் என்பார் மேனேஜர். குளிர வைத்தேன். இப்போது நினைத்தால் என் கையை நானே வெட்டிப் போடலாம்போல் இருக்கிறது.

இந்த மாடல் வந்து ஒரு வருசம் ஆகிறது. கோடு தாண்டினால் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்கும், முன்னால் போகிற வண்டிக்குத் தக்கபடி வேகத்தைக் குறைக்கும், முட்டப்போனால் தானே பிரேக் போடும். இதற்கெல்லாம் கண் மாதிரி ஒரு ரேடார். அது இருப்பது முன் பம்பரின் கீழ், நட்ட நடுவில், வழவழவென்று ஒரு கறுப்புச் சதுரத்துக்குப் பின்னால். சந்தனம் வைக்க அதைவிட லட்சணமான இடம் அந்த வண்டியிலேயே கிடையாது. அங்கே எதையும் ஒட்டாதே, பூசாதே என்று கம்பெனி புத்தகத்தில் எழுதியிருக்கிறதாம். அந்தப் புத்தகத்தை எவன் படித்தான்? பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டாஷ்போர்டுக்குள் போட்டு அனுப்புகிறோம்.

ஹார்டுவேர்ஸ் கடை இசக்கிராஜா அண்ணாச்சி இந்த வண்டியை எடுத்தது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின நாள் டெமோ காரில் அவரையும் அவர் டிரைவர் சுடலைக்கண்ணனையும் ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போனேன். மெதுவாகப் போன ஒரு உப்பு லாரிக்குப் பின்னால் வண்டியை விட்டு, பந்திக்கு உட்கார்ந்தவன் மாதிரி இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கிச் சம்மணம் போட்டேன். என் வழக்கமான வித்தை அது. கார் தானே வேகம் குறைத்தது. பாருங்க அண்ணாச்சி, நான் தொடவே இல்லை என்றேன். அண்ணாச்சி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். சுடலைக்கண்ணன் சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது மனுசர், பத்தொன்பது வருசமாக அந்த வீட்டுக்கு வண்டி ஓட்டுகிறார். அவருடைய வலது கால் பிரேக் மிதிப்பதுபோல் தரையை மிதித்துக்கொண்டே இருந்ததைக் கவனித்துக் கேலி வேறு செய்தேன். இனி உங்களுக்கு வேலையே இல்லண்ணே என்றேன். அப்படி ஒரு திமிர் எனக்கு.

மறுநாள் அந்தக் கறுப்புச் சதுரத்தில் கொழுக்க ஒரு பட்டை சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தேன். அண்ணாச்சியின் மனைவி அனுசியா அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மண்டலத்துக்கு, நாற்பத்தெட்டு நாளுக்கு, அதை யாரும் கழுவக்கூடாது என்று அங்கேயே சுடலைக்கண்ணனிடம் உத்தரவு போட்டார். வெள்ளிக்கிழமை சாஸ்தா கோயிலுக்குப் போய் அதன் மேலேயே மஞ்சள் கலந்து இன்னொரு பூச்சு. அடுத்த வெள்ளி இன்னொன்று. விரல் கனத்துக்கு ஏறிவிட்டது. அந்த அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆரம்பித்து வைத்தவன் நான்.

முதல் வெள்ளிக்கு மறுநாள் மத்தியானம் சுடலைக்கண்ணன் எனக்குப் போன் செய்தார். வண்டியைக் கிளப்பினாலே மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் என்னவோ வருகிறது என்றார். இங்கிலீஷ் தெரியாது. எஃப், ஆர், ஓ என்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். நான் பரோட்டாவில் சால்னா ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை. புது வண்டி அப்படித்தான் காட்டும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, முதல் சர்வீஸில் பார்ப்போம் என்று வைத்துவிட்டேன். முன் ரேடார் மறைக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான் அந்த மஞ்சள் எழுத்து. ஒரு நிமிசம் காது கொடுத்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். பரோட்டா ஆறிவிடும் என்று அவசரம். தூ!

விபத்து நடந்தது போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வல்லநாட்டுக்கு இந்தப் பக்கம். அண்ணாச்சி தன் சம்பந்தியைத் திருநெல்வேலியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முன்னால் வாழைத்தார் ஏற்றிய டிராக்டர். அதன் பின்னால் போய் முட்டியிருக்கிறது வண்டி. அப்போது காருக்குள் யார் என்ன சொன்னார்கள் என்பதில் இரண்டு கதை இருக்கிறது. அண்ணாச்சி போலீசில் எழுதிக் கொடுத்த கதை, டிரைவர் கண் அசந்துவிட்டான் என்பது. சம்பந்தியும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பேருக்கும் பின்சீட்டில் சிராய்ப்போடு போயிற்று. டிராக்டர்காரனுக்குத் தோளில் எலும்பு விலகல். சுடலைக்கண்ணனுக்கு வலது முழங்காலுக்குக் கீழே நாலு இடத்தில் முறிவு.

நொறுங்கிய வண்டி எங்கள் பின்கட்டுக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே பம்பர் துண்டில் காய்ந்த சந்தனத்தைப் பார்த்தேன். மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து உள்ளே போய்விட்டார். எஞ்சினியர் வருவதற்குள் வண்டியை வாட்டர் வாஷ் அடித்து வைத்திருந்தார்கள். விபத்தான வண்டிக்கு எவனாவது வாட்டர் வாஷ் அடிப்பானா? எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி. அண்ணாச்சிக்குச் சம்பந்தி முன்னால் மானம் போகக்கூடாது, மேனேஜருக்கு ஷோரூம் பேர் கெடக்கூடாது, எனக்கு வேலை போகக்கூடாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது எங்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பொம்மைக் காரைச் சுருட்டி வைத்துவிட்டு எஞ்சினியர் லேப்டாப்பைத் திறந்தார். விபத்தான வண்டியின் கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. ரேடார் மறைந்திருப்பதாகப் பதினோரு நாள் எச்சரிக்கை ஓடியிருக்கிறது என்று படித்துச் சொன்னார். அப்பாடா, உண்மை வந்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன். மேனேஜர் ஒரு செருமல் செருமினார். சேறு ஏதாவது பட்டிருக்கும் சார், டிரைவர் துடைத்திருக்க வேண்டாமா என்றார். எஞ்சினியரும் தலையாட்டினார். அவருக்கு மூன்றரை மணி விமானத்தைப் பிடிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் ரிப்போர்ட் தயார்: கருவி சரியாக வேலை செய்கிறது, எச்சரிக்கை பதினோரு நாள் காட்டியும் ஓட்டுநர் அலட்சியமாக இருந்திருக்கிறார். போலீஸுக்கு நாளைக் காலை இந்தக் காகிதம் போகும். அதற்கப்புறம் லைசென்ஸ் போகும். வேறு தொழில் அந்த மனுசருக்குத் தெரியாது.

சோதனை ஓட்டியவன் என்று என் பேர் போட்டுக் கையெழுத்துக்கு ஒரு கோடு இழுத்திருந்தது. சந்தனம் சார் என்று நாக்கு நுனிவரை வந்தது. மேனேஜர் தன் பேனாவை மூடி கழற்றி நீட்டினார். போட்டுவிட்டேன். என்னைவிடக் கேவலமான பிறவி அன்றைக்கு அந்த உப்பளத்தில் இல்லை.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். திட்டு வாங்கினால் தேவலை என்று இருந்ததோ என்னவோ. சுடலைக்கண்ணன் காலில் இரும்புக் கம்பிகள் கோத்துத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அண்ணாச்சி கடைப் பையில் ஆப்பிள். அண்ணாச்சி வரவில்லையாம், கொடுத்துவிட்டிருக்கிறார். சுடலைக்கண்ணனின் மனைவி சண்முகத்தாய் எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு வெந்நீர் வாங்கப் போனார்.

சுடலைக்கண்ணன் என்னைத் திட்டவில்லை. குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னார். சம்பந்தியிடம் காட்டுவதற்காக அண்ணாச்சி பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, பிரேக்கைத் தொடாதே என்று சொன்னாராம்.

"டிராக்டரு கிட்ட வந்துட்டு. என் காலு தானா பிரேக்குக்குப் போயிட்டு தம்பி. 'எடுலே கால, அது நிக்கும்'னாரு. எடுத்துட்டேன். பத்தொம்பது வருசத்துல அவரு பேச்ச நான் மீறுனதில்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு டெஸ்ட்டு ஓட்டுனியளாமே. நின்னுச்சா?"

நின்றது என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அப்படியானால் வண்டிமேல் தப்பில்லை, தன் நேரம்தான் சரியில்லை என்று முனகினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. சந்தனத்தைச் சொன்னேன். ரேடாரைச் சொன்னேன். வாட்டர் வாஷைச் சொன்னேன். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது, அதில் யார் கையெழுத்து இருக்கிறது என்பதையும் சொல்லி முடித்தேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் கூரையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக யோசித்தார்.

"அந்த மஞ்ச எழுத்து இதுக்குத்தான் வந்துச்சா?"

"ஆமாண்ணே."

"நான் உங்ககிட்ட போன்ல கேட்டேம்லா."

"கேட்டீங்க."

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். சுடலைக்கண்ணன் ஒரு கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நான் போன் போட்டுக் கேட்டத மட்டும் ஒரு பேப்பர்ல எழுதித் தருவியளா தம்பி?"

இரும்புக் கம்பிகளுக்குக் கீழே அவருடைய வலது பாதத்து விரல்கள் ஐந்தும் முன்னால் வளைந்து காற்றை அழுத்தின. விட்டன. மறுபடி அழுத்தின. அது அவருக்குத் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.