நெற்றியில் எழுதிய அக்கி

விருத்தாசலத்தின் நெற்றியில் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியபோது அவர் மனைவி அம்சாவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. அக்கிதான். அக்கிக்குக் குயவர் வீட்டில் காவி எழுதிக்கொள்வதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு யார் போவார்கள்? ஊசி போட்டால் அது உள்ளே இறங்கிவிடும் என்றுதான் அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். ஓமந்தூரில் இருந்து அடுத்த ஊருக்கு அழைத்துப்போய், நெற்றி நிறையச் செங்காவி எழுதிக் கூட்டிவந்துவிட்டாள்.

அந்த மனுஷனுக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்பதை மட்டும் வசதியாக ஒதுக்கிவைத்தாள். "மருந்து ஏத்தறதால ஒடம்புல எதிர்ப்புச் சக்தியே இருக்காது. காய்ச்சலோ கொப்புளமோ வந்தா அன்னிக்கே வந்துடுங்கம்மா" என்று விழுப்புரத்தில் டாக்டர் பானுப்ரியா தலைப்பாடாக அடித்துக்கொண்டதெல்லாம் புற்றுநோய்க்கு, அக்கிக்கு இல்லை என்று அம்சாவே பாகம் பிரித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. அவர் எரிச்சல் தாங்காமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அப்போதுதான் டாக்டர் சொன்னது அவளுக்கு உறைத்தது. கைக்குக் கிடைத்ததை உடுத்திக்கொண்டு, அவரை இழுத்துக்கொண்டு திண்டிவனம் வந்து பஸ் ஏறினாள். கண் போனால் போக்கியது தான்தான் என்ற நினைப்பு விழுப்புரம் வரைக்கும் அவளை விடவில்லை.

நர்ஸ் ஈரப் பஞ்சோடு நெற்றியருகே வந்ததும் அம்சா கையை மறித்தாள்.

"அழிக்காதம்மா. காயறதுக்குள்ள அழிச்சா உள்ள பூந்துடும்."

பானுப்ரியா கோபித்துக்கொள்ளவில்லை. "உள்ள இருந்து வந்ததுதாம்மா இது. சின்ன வயசுல வந்த அம்மைக் கிருமி நரம்புல தூங்கிக்கினு இருந்திருக்கு. ஒடம்பு அசந்ததும் எழுந்துடுச்சு. காவியைத் தொடைக்காம எப்படிப் பாக்கறது? நீங்களே தொடைங்க."

அம்சா அரைமனதாகப் பஞ்சை வாங்கினாள். ஆனாலும் துடைத்தாள். பஞ்சு சிவக்கச் சிவக்க அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறுத்துக்க மாமா" என்றாள்.

கண் டாக்டர் வந்து மஞ்சள் சொட்டு விட்டு, நீல வெளிச்சம் அடித்துக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கருவிழியில புண்ணு எறங்கல. நல்ல நேரத்துல வந்தீங்க. மருந்து ஏத்துனா அடங்கிடும்" என்றவர், விருத்தாசலத்தின் இடது கண்ணைக் கையால் மறைத்து, வீங்கிய இமையை மெல்லத் தூக்கினார். "எதிர்ல என்னய்யா தெரியுது?"

விருத்தாசலம் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என் பொண்டாட்டி தெரியறா. ஜாக்கெட்டை உள்பக்கம் வெளிய போட்டுக்கினு நிக்கறா. தையல்கூட தெரியுது."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்சா குனிந்து தோளைப் பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் வெட்கத்தில் செத்தே போயிருப்பாள். இன்று முந்தானையை இழுத்து மூடக்கூடத் தோன்றாமல், அவர் இன்னும் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஓர் அடி கிட்டே போய் நின்று அழுதாள்.